மேளம் இல்லாத கல்யாணம் வேண்டாம் சாமி

கண்ணு,

இங்க எல்லாரும் சௌக்கியம். நீயும் அஸ்மிதாவும் புனேல நல்லா இருக்கறீங்கன்னு நேத்துப் போன்லயே கேட்டுக்கிட்டேன். அப்புறம் எதுக்கு இந்தக் கடிதாசின்னு நீ நெனைப்பே. போன்ல பேசினா "சரிங்கப்பா, சரிங்கப்பா"ன்னு சொல்லியே என் வாயை அடைச்சுடறே. நான் நாலு வார்த்தை கோத்து எடுக்கறதுக்குள்ள "மீட்டிங் இருக்குதுங்கப்பா"ன்னு வெச்சுடறே. கடிதாசிகிட்ட அந்த ஜம்பம் நடக்காது, கடைசி வரைக்கும் படிச்சுத்தான் ஆகணும். கூரியர்ல போடறேன். லாரிக்காரன் எழுத்து, கோணல்மாணலா இருந்தா பொறுத்துக்க.

விஷயத்துக்கு வாரேன். தை மாசக் கல்யாணத்தை மேளதாளம் இல்லாம, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு, மாலை மாத்தி முடிச்சுக்கலாம்னு சொன்னே. "பெரியாத்தா போயி வருசம் திரும்பலீங்கப்பா, இது அவங்களுக்கு நாம பண்ற மரியாதை"ன்னே. ராசிபுரத்துத் தாத்தாவும் அதையேதான் சொல்றார். தேதியை மாத்த முடியாட்டி கையெழுத்துப் போட்டுக்கட்டும், ஆனா துக்க ஊட்டுல மேளச் சத்தம் கேட்டா நான் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு கண்டிசனாச் சொல்லிப்போட்டார். உங்கம்மா தலையாட்டிட்டா. பொண்ணு வீட்டுக்காரங்களும் பெருந்தன்மையா ஒத்துக்கிட்டாங்க. எல்லாருக்கும் சம்மதம். எனக்கு ஒருத்தனுக்குத்தான் தொண்டையில முள்ளு நிக்குது. எனக்கு மேளம் வேணும் சாமி. நாயனம், தவுல், சுதிக்கு ஒத்து, எல்லாம் வேணும். தெருக் கோடி வரைக்கும் கேக்கணும்.

நீ சிரிப்பேன்னு தெரியும். நம்ம வீட்டுலயே சங்கீதத்துக்கும் சாம்பாருக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் நான் ஒருத்தன்தான். பெரியாத்தாவே சொல்லும், "இவனுக்கு ஆண்டவன் காதை வெச்சது கண்ணாடி மாட்டறதுக்கு"ன்னு. அது எனக்குப் பெரியம்மா, என்னைப் பெத்தவளோட அக்கா. பெத்தவ என் மூணு வயசுல போய்ச் சேந்துட்டா. அப்பன் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டு சேலம் போயிட்டார். பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை, என்னைத் தூக்கிக்கிட்டு நாமக்கல் வந்துருச்சு. ராசிபுரத்துத் தாத்தா அதுக்குக் கடைசித் தம்பி, எனக்குத் தாய்மாமன். இதெல்லாம் உனக்குத் தெரிஞ்ச கதைதான். அஸ்மிதாவுக்கு நீ படிச்சுக் காட்டணுமில்ல, அதுக்காக எழுதறேன். நம்ம வீட்டுக்கு வரப்போற புள்ளைக்கு நம்ம வீடு எந்தச் சத்தத்துல வளந்துச்சுன்னு தெரியணும்.

பெரியாத்தா பொறந்தது நாமகிரிப்பேட்டை. மாரியாத்தா நோம்பிக்கு நாயனம் வாசிக்கறவங்க வந்து எறங்கினா, மத்த புள்ளைங்க ராட்டினத்துக்கு ஓடும், இது மட்டும் நாயனக்காரர் முன்னாடி மண்ணுல உக்காந்துக்குமாம். சோத்துக்குக் கூப்பிட்டாலும் எந்திரிக்காதாம். கட்டிக் குடுத்த எடத்துல பெரியப்பாகிட்ட ஒரே ஒரு லாரி. முதல் லோடு ஏத்தி எறக்கி வந்த காசுல "நகை வேணுமா, பொடவை வேணுமா"ன்னு பெரியப்பா கேட்டதுக்கு "ரேடியோப் பொட்டி வேணும்"னுச்சாம். நம்ம சேந்தமங்கலம் ரோட்டுல அன்னைக்கு எத்தனை வீட்டுல ரேடியோ இருந்துருக்கும்? இது பாட்டைத் திருப்பினா தெருவே வந்து நின்னு கேக்கும். வந்தவங்க பேசினாத்தான் இதுக்கு ஆகாது. "பாடறவ ஒருத்தி உசுரைக் குடுத்துப் பாடறா, நீ உங்க ஊட்டுப் புளி வெலையைப் பேசறே, எந்திரிச்சுப் போ"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போடும். கல்யாணம் ஆகப்போறவனுக்கு இந்த எடத்துல ஒரு புத்தி சொல்லிக்கறேன். அஸ்மிதா பாத்திரம் கழுவிக்கிட்டே எதாச்சும் முணுமுணுத்தா, அந்த நேரத்துல போயி "சாவி எங்க"ன்னு கேக்காதே. முடிக்கட்டும். சாவி எங்கயும் ஓடிப்போகாது.

பெரியப்பா லாரியோட நாக்பூர் லைன் போனப்ப காய்ச்சலா விழுந்து, போன எடத்துலயே காலமாயிட்டார். எனக்கு அப்ப ஏழெட்டு வயசு இருக்கும். மாமா ஓடி வந்தார், இளவட்டம். அக்காளுக்குத் தொணையா இங்கயே தங்கி, கடன்காரன், டிரைவர், ஆர்டிஓ ஆபீஸ்னு அலைஞ்சு அந்த ஒத்தை லாரி விலைக்குப் போகாமக் காப்பாத்தினது அவர்தான். அவரைக் குத்தம் சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனா அவர் செஞ்ச முதல் வேலை, ரேடியோவை வேட்டித் துணியில சுத்தி அட்டாலிப் பரண்மேல ஏத்தினது. துக்க வீட்டுல வருசம் திரும்பற வரைக்கும் பாட்டு கூடாது, அதுதான் முறை. ஊரு நாலு விதமாப் பேசும், தாலி அறுத்தவளுக்குப் பாட்டு கேக்குதான்னு சிரிக்கும். அக்காளை எவனும் ஒரு சொல்லு சொல்லிடக் கூடாதுன்னுதான் அவர் அப்படிச் செஞ்சார்.  பெரியம்மா கொல்லைப்பக்கம் கருவேப்பிலை பறிக்கப் போக ஆரம்பிச்சுது. சுவத்துக்கு அந்தப்பக்கம் டீக்கடை, அங்க ரேடியோ பாடும். ஒரு கொத்துப் பறிக்கும், நிக்கும். இன்னொரு கொத்துப் பறிக்கும், நிக்கும். நான் முறத்தைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நிப்பேன். வீட்டுல ரசத்துல பாதி கருவேப்பிலையாக் கெடக்கும், மரம் மொட்டையாப் போச்சு.

மாமா அதைக் கண்டுபிடிச்சுட்டார். அக்காளை ஒரு வார்த்தை சொல்லலை. நேரா டீக்கடைக்குப் போயி, "ஏனுங்க, எங்க ஊட்டுல துக்கம், எங்கக்கா காதுல பாட்டு விழுகுதுங்க, கொஞ்சம் கம்மியா வெய்யுங்க"ன்னு கும்பிட்டுக் கேட்டுக்கிட்டார். அவனும் நல்ல மனுசன், நிறுத்தியே போட்டான். அதுக்கப்புறம் பெரியம்மா கொல்லைப்பக்கம் போகலை. வருசம் முடிஞ்சு அட்டாலிலிருந்து பொட்டியை எறக்கித் திருப்பினா, பாடலை. சும்மா கெடந்தே உள்ள எல்லாம் கெட்டுப் போச்சுன்னு ரிப்பேர்காரன் சொன்னான். பெரியம்மா அழுது நான் பாத்தது அன்னைக்குத்தான். பெரியப்பா போனப்பக்கூட எங்க முன்னால அப்படி அழுகலை.

பொறவு லாரி ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு. டேப் ரிக்கார்டர் வந்துச்சு. அப்பத்தான் நம்ம வீட்டு வழக்கம் ஆரம்பிச்சுது. லைனுக்குக் கெளம்பற டிரைவரு வாசல்ல நின்னு "போயிட்டு வாரேனுங்க ஆத்தா, என்னங்க வேணும்"னு கேப்பான். மத்த லாரி வீடுகள்ல நாக்பூர் கமலாப்பழம், காஷ்மீர் கம்பிளின்னு கேப்பாங்க. இது "அந்த ஊர்ப் பாட்டுக் கொண்டா சாமி"ன்னு சொல்லும். குஜராத்துல கோலாட்டப் பாட்டு, பஞ்சாப்ல டோல் அடிக்கற பாட்டு, அசாம் பக்கத்துப் பரிசல் பாட்டு, எல்லாம் வந்து சேரும். கேசட் கெடைக்காத ஊருன்னா டீக்கடை ரேடியோ முன்னாடி டேப்பை வெச்சுப் புடிச்சுக்கிட்டு வருவானுங்க. நடுவுல லாரி ஆரன் கேக்கும், கிளீனர் இருமுவான், அதையும் சேத்து இது மனப்பாடம் பண்ணும். ஒரு மொழியும் தெரியாது. பஞ்சாபிப் பாட்டை நாமகிரிப்பேட்டைத் தமிழ்ல பாடிக்கிட்டே அரிசி பொடைக்கும். நான் முன் ரூம்ல போன்ல லோடு பேசிக்கிட்டிருப்பேன், "பெரியம்மா, கொஞ்சம் கம்மி பண்ணுங்க"ன்னு கத்துவேன். "நீ கம்மி பண்ணுடா, உன் சத்தம்தான் பாட்டுல சேரலை"ன்னு உள்ள இருந்து பதில் வரும். தினமும் இதே கூத்துதான்.

ஏர் ஆரன் மாத்தின கதை ஞாபகம் இருக்குதா? நீ சின்னப் பையன், புது வண்டிக்கு ஆரன் மாட்ட பட்டறைக்குப் பெரியாத்தாளும் நீயும் கூட வந்தீங்க. ஆரன் அடிச்சுக் காட்டினதும் பெரியாத்தா காதைப் பொத்திக்கிச்சு. "ரெண்டு கொழலும் சண்டை போட்டுக்குதுங்க, இதை மாட்டினா எங்க டிரைவருக்கு வழியெல்லாம் தலைவலிதான் வரும்"னுச்சு. பட்டறைக்காரர் "ஆரன்னா அப்படித்தானுங்க ஆத்தா இருக்கும், இதென்ன கச்சேரிங்களா"ன்னார். இது விடலை. அவர் அலமாரில இருந்த கொழலை எல்லாம் ஒவ்வொண்ணா ஊதச் சொல்லி, ரெண்டைப் பொறுக்கிச் சேத்துக் குடுத்துச்சு. நான் வெக்கத்துல லாரிக்கு அந்தப்பக்கம் போயி நின்னுக்கிட்டேன். அந்த வண்டி பைபாஸ்ல திரும்பறப்பவே அடுப்படில இருந்து "நம்ம வண்டி வந்துருச்சு, ஒலையை வெய்யி"ன்னு உங்கம்மாகிட்டச் சொல்லும். தப்பினதே இல்லை.

அஸ்மிதா விஷயம் நீ சொன்னப்ப வீட்டுல என்ன ரகளை நடந்துச்சுன்னு உனக்கு முழுசாத் தெரியாது. மராட்டிக்காரப் பொண்ணு, நம்ம பழக்கவழக்கம் எப்படின்னு நான்தான் முறுக்கிக்கிட்டு நின்னேன். பெரியாத்தா கேட்டது ஒரே கேள்விதான்: "அவளுக்குப் பாட்டு வருமா?" வீடியோ கால்ல அந்தப் புள்ளையைப் பாத்ததும், பேரு ஊருன்னு ஒண்ணும் விசாரிக்காம, முப்பது நாப்பது வருசமாப் பாடிக்கிட்டிருந்த மராட்டிப் பாட்டு ஒண்ணை எடுத்து விட்டுச்சே. கண்ணை மூடி, கையைக் கூப்பி, சாமி பாட்டுன்னு நெனைச்சு அத்தனை பக்தியாப் பாடுச்சு. அந்தப் புள்ள வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சு சிரிச்சு, கண்ணுல தண்ணி வந்து, அது ரேடியோவுல போட்ட பல்பொடி விளம்பரம்னு சொன்னப்ப நாங்க எல்லாம் செத்தோம். பெரியாத்தாளுக்கு மொகம் ஒரு நிமிசம் விழுந்துச்சு. அப்புறம் "அதனால என்ன, ராகம் நல்லாத்தானே இருக்குது. சேந்து பாடு கண்ணு"ன்னுச்சு. அவளும் சேந்து பாடினா. எனக்கு இருந்த முறுக்கெல்லாம் அங்கயே போச்சு. போனை வெச்சதும் "தை மாசம் மேளத்துக்கு நல்ல ஆளைப் புடிக்கணும்டா"ன்னு எங்கிட்டச் சொல்லுச்சு. சொன்னது அவ்வளவுதான். நான் செத்தாலும் மேளம் கொட்டுங்கன்னு ஒண்ணும் சொல்லிட்டுப் போகலை. சொன்னதா ஒரு பொய்யைச் சொல்லி உங்களை எல்லாம் மடக்கிடலாமான்னுகூட யோசிச்சேன். அது பேரைச் சொல்லிப் பொய் சொல்ல வாய் வரலை.

ஆவணில அது போன அன்னைக்கு நீ வந்து சேர்றதுக்குள்ள பொழுதாயிருச்சு, அதனால உனக்கு இது தெரியாது. காலைல காபி குடிச்சுட்டு நாற்காலில சாஞ்சுது. நீ வாங்கிக் குடுத்த ஸ்பீக்கர் பக்கத்துல பாடிக்கிட்டிருந்துச்சு. உங்கம்மா டம்ளர் எடுக்கப் போனவ என்னைக் கூப்பிட்டா. தொண்ணூறைத் தாண்டின உசுரு, ஒரு முனகல்கூட இல்லாமப் போயிருச்சு. நாங்க அழுதோம், ஆளுங்களுக்குச் சொல்லிவிட்டோம், பாட்டு பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. யாருக்கும் அதை நிறுத்தணும்னு தோணலை. மாமா ராசிபுரத்துலிருந்து வந்து எறங்கினார். அக்கா காலைத் தொட்டுக் கும்பிட்டார், எந்திரிச்சார், போயி ஸ்பீக்கரை அமுத்தினார். பாதிப் பாட்டுல நின்னுச்சு. எனக்குப் பாட்டும் தெரியாது, அது எந்த மொழின்னும் தெரியாது. ஆனா மீதி என்ன வரும்னு என் மனசு கேட்டுக்கிட்டே கெடக்குது சாமி, இந்த மூணு மாசமா.

இப்ப நம்ம வீடு எப்படி இருக்குதுன்னு சொல்றேன். டிவி சத்தத்தை அமத்தி வெச்சு நியூஸ் பாக்கறோம். என் போன்ல ரிங்டோன் இல்லை. வண்டி உள்ள வந்தா ஆரன் அடிக்கக் கூடாதுன்னு மாமா சட்டம். குக்கர் விசில் அடிச்சா உங்கம்மா பதறிக்கிட்டு ஓடறா. பாட்டைக் கொறைங்கன்னு ஆயுசு முழுக்கக் கத்தின எனக்கு இந்த அமைதில லோடு பேச வரலை. பேச்சை நிறுத்திட்டு உள்பக்கம் பாக்கறேன். எதிர்முனைல "அண்ணா, லைன்ல இருக்கீங்களா"ன்னு கேக்கறான். பெரியம்மா இல்லாததைத் தாங்கிக்கலாம், வயசாச்சு, எல்லாரும் போறதுதான். அது இருந்த அடையாளமே இல்லாம வீட்டைத் தொடைச்சு வெச்சிருக்கறதைத்தான் என்னால தாங்க முடியலை. துக்கம்னு சொல்லி நாம அதைத்தானே வெளில தள்ளிக் கதவைச் சாத்திட்டோம்? இதை உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இத்தனை நாள் "ம்"னு கேட்டுக்கிட்டிருந்தேன்.

போன அமாவாசைக்குப் படையல் போட்டோம். மாமாவும் வந்திருந்தார். எலை போட்டு, பெரியாத்தாளுக்குப் புடிச்ச கச்சாயப் பலகாரம் எல்லாம் வெச்சுக் கும்பிட்டுக்கிட்டிருந்தப்ப வாசல்ல வண்டி வந்து நின்னுச்சு. நம்ம சின்னராசு. நம்மகிட்ட ரொம்ப காலம் ஓட்டினவன், இப்ப வேற கம்பெனில அசாம் லைன் போறான். ஆவணில அவன் கௌகாத்தில இருந்தான், வர முடியலை. துக்கம் கேட்டுட்டு எங்கிட்டத் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னான். "அண்ணா, நான் லைனுக்குக் கெளம்பறப்ப ஆத்தா பாட்டுக் கேட்டுதுங்க. அங்க ஒரு ஓட்டல்ல மாவு இடிச்சுக்கிட்டே ஒரு அம்மா பாடுச்சு, போன்ல புடிச்சு வெச்சிருக்கறேனுங்க. குடுக்காம வெச்சிருந்தா வண்டி ஓட்ட மனசு வரமாட்டேங்குதுங்க." மாமா உள்ள இருந்தே "துக்க ஊடு, பாட்டெல்லாம் கூடாது"ன்னார். சின்னராசு மரியாதையா "ஆமாங்க பெரியவரே, ஊட்டுக்குள்ள வேண்டாமுங்க. என் வண்டில போடறேனுங்க, வண்டி ரோட்டுலதானுங்க நிக்குது"ன்னு சொல்லிட்டு, போயி ஏறிப் போட்டுட்டான்.

என்ன பாட்டோ, என்ன மொழியோ. உலக்கைச் சத்தம், அதுக்கு ஏத்தாப்ல ஒரு பொம்பளைக் குரல். உங்கம்மா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டா. மாமா விருட்டுன்னு எந்திரிச்சு, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வாசலுக்குப் போனார். போச்சுடா, சின்னராசு தொலைஞ்சான்னு நானும் பின்னாடியே ஓடினேன். கேட்டு வரைக்கும் போனவர் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டார். வெளியவும் போகலை, திரும்பவும் இல்லை. பாட்டு முடியற வரைக்கும் அப்படியே நின்னார். முடிஞ்சதும் யார் மூஞ்சியும் பாக்காம உள்ள வந்து, பையை எடுத்துக்கிட்டு, எலையில உக்காராமக்கூட பஸ் ஏறிப் போயிட்டார்.

ரெண்டு நாள் பொறுத்துப் பாத்துட்டு நானே போன் போட்டேன். வாழ்க்கையில அவரை எதுத்து ஒரு வார்த்தை பேசினவன் இல்லை நான்.  "மாமா, தை மாசம் மேளம் வெக்கறேனுங்க. நீங்க வரலைன்னா எனக்கு ஒத்தைக் கை போன மாதிரிதானுங்க, ஆனாலும் வெக்கறேனுங்க"ன்னேன். டக்குன்னு போனை வெச்சுட்டார்.

அதனாலதான் சாமி உங்கிட்டக் கேக்கறேன். பெரியவரையும் பகைச்சுக்கிட்டு, உன் மனசுக்கும் ஒப்பாம, நான் மட்டும் தனியா நின்னு மேளம் கொட்ட முடியாது. மரியாதைன்னா வாயை மூடிக்கறதுன்னு நீ படிச்சிருக்கறே. மத்தவங்களுக்கு அது சரியா இருக்கலாம். பெரியாத்தாளுக்கு அது மரியாதை இல்லை. எனக்காகன்னே வெச்சுக்க. பெத்தவன் உங்கிட்ட இதுவரைக்கும் எதையும் கேட்டதில்லை, இதைக் கேக்கறேன்.

இத்தோட முடிச்சு ஒட்டலாம்னு இருந்தேன். இன்னைக்குக் காலைல மாமா போன். எடுத்ததும் நல்லா இருக்கியான்னுகூடக் கேக்கலை.

"மேளத்துக்கு யாரைச் சொல்லியிருக்கறே?"

இன்னும் யாரையும் சொல்லலீங்க மாமான்னேன்.

"நீ ஒண்ணும் பாக்க வேண்டாம், உனக்கு என்ன தெரியும். நாமகிரிப்பேட்டைக்கு நானே போயி, வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுப் பேசறேன். சுதி சேராம வாசிச்சா எங்கக்கா எந்திரிச்சுப் போயிருவா."